வத்தல் அறையில் ஒரு கடல்

நேற்று உங்கள் வீட்டு முன்னறைக் கதவைத் திறந்ததும் தும்மல் வந்தது. புது மிளகாய் வத்தல் நெடி. களத்து வெயிலின் சூடு இன்னும் ஆறாத மூட்டைகள். அந்த நெடிக்கு அடியில் உன் கண்ணாடித் தொட்டியின் உப்பு வாடை. இரண்டும் கலந்து அடிக்கிற அறை இந்தக் கரிசல் காட்டில் இது ஒன்றுதான் இருக்கும். மூட்டைகள் ஜன்னலை மூடிக் கூரைவரை ஏறியிருந்தன. உன் அப்பா ஒரு மூட்டையைத் தட்டிக்கொடுத்து, இந்த வருடம் காய்ப்பு நல்ல காய்ப்பு என்றார். என் கண் அந்த மூடிய ஜன்னலிலேயே நின்றது. ஏன் என்று அவரிடம் சொல்ல முடியாது. உன்னிடம் சொல்லலாம்.

நீ அந்தத் தொட்டியை வைத்தபோது ஊரே சிரித்தது. புதியம்புத்தூருக்குப் போய்த் தையல் மெஷின் சர்வீஸ் செய்து சம்பாதித்ததையெல்லாம் கண்ணாடியிலும் உப்பிலும் போட்டாய். "குடிக்கத் தண்ணி இல்லாத ஊருல கடல் வளக்கான்" என்று டீக்கடையில் என் காதுபடவே பேசினார்கள். தூத்துக்குடிக் கடலில் கிடக்கிற பவளத்தை எடுத்து வந்தால் என்ன என்று கேட்டவர்களுக்கு, "எடுத்தா ஜெயிலுல்லா அண்ணாச்சி" என்று பொறுமையாகப் பதில் சொன்னாய். சென்னைக் கடைக்காரர் ஒருவர் பில்லோடு அனுப்பிய பவளத்துண்டுகளை, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். உள்ளங்கை அளவு மூளைப் பவளம் ஒன்று, பச்சை. விரல் விரலாகக் கிளைவிட்டது ஒன்று, ஊதா. அது பூவா, கல்லா, உயிரா என்று உன் அம்மா கேட்டார். மூன்றும்தான் என்றாய். எனக்கு எரிச்சலாக வந்தது. அது பிராணி, அத்தை, என்று திருத்தினேன்.

நான் குளிர்சாதன வேலை படித்தவன். நீ கூப்பிட்டதால் வந்தேன். தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் மெஷினை ஜன்னலை ஒட்டி மாட்டிக் கொடுத்தேன். சில்லர் சூட்டை அழிக்காது, தண்ணீரிலிருந்து எடுத்து அறையில் கொட்டும், அறையிலிருந்து அது ஜன்னல் வழியே போயாக வேண்டும் என்று உனக்குப் பாடம் எடுத்தேன். நீ தலையாட்டிவிட்டு, "நல்லது செய்ய வந்தாலும் அடிக்க வாறவன் மாதிரியே வாறலே" என்றாய். நான் சொன்னதில் ஒரு தப்பு காட்டு என்று சண்டைக்கு வந்தேன். தப்பு இல்லை என்று நீயும் ஒத்துக்கொண்டாய். சிரிப்பை மட்டும் நிறுத்தவில்லை.

பிறகு உன் காய்ச்சல். அன்று சாயங்காலமே பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அத்தை சொன்னதற்கு, விடியட்டும் என்றார் மாமா. விடிந்து போனோம். நேற்றே வந்திருக்க வேண்டும் என்று ஒரு சின்ன வயது டாக்டர் சொன்னார். சொன்னது சரி. ஆனால் அதைக் கேட்டபோது மாமாவின் முகம் இருந்த இருப்பை நான் பார்த்தேன். அதன் பிறகு வெகுநாள் அவர் யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஆட்டை அவிழ்த்துக்கொண்டு காட்டுக்குப் போவார், இருட்டினால் வருவார்.

உன்னைச் சுடுகாட்டுக்குத் தூக்கிய அன்று, வீடு நிறையக் கூட்டம். எவனோ செல்போனுக்குச் சார்ஜ் போடத் தொட்டி மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கியிருந்தான். நான்தான் போய் மாட்டினேன். அன்றைக்கு நானும் மாட்டிக்கொண்டேன். தொட்டியைப் பார்த்துக்கொள் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. எனக்கு மட்டும்தான் தெரியும் என்பதால் அது என் வேலையாகிப்போனது. தினமும் ஆவியாகிற தண்ணீரை ஈடுகட்ட நல்ல தண்ணீர் ஊற்றுவதை மாமாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். உப்பு அளவையும் சூட்டையும் வாரம் ஒருமுறை வந்து பார்த்தேன். ஓசூரில் நல்ல கம்பெனி வேலை வந்தது, போகவில்லை. தொட்டிக்காகவா என்று வீட்டில் கேட்டார்கள். ஆமாம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

போன சித்திரையில் விளாத்திகுளம் பக்கம் வேலை இழுத்துவிட்டது, ஒரு வாரம் தவறிப்போய் வந்தேன். அறை அடுப்பு மாதிரி இருந்தது. இருபத்தாறு டிகிரியில் நிற்க வேண்டிய தண்ணீர் முப்பத்திரண்டு. ஊதாக் கிளைகளில் சதை உரிந்து தண்ணீரில் மிதந்தது. மூளைப் பவளம் வெளுத்து எலும்பு நிறத்தில் இருந்தது. ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னல் இல்லை. விலை ஏறட்டும் என்று மாமா வத்தல் மூட்டைகளை அங்கே அடுக்கியிருந்தார். வீட்டில் எலி ஏறாத, ஈரம் படாத அறை அது ஒன்றுதானே. சில்லர் தண்ணீரிலிருந்து எடுத்த சூட்டை அறையில் கொட்டியிருக்கிறது, அறை அதைத் தண்ணீருக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறது. ஒரு நொடியில் புரிந்துவிட்டது. என் வாய் உனக்குத் தெரியும். திறந்துவிட்டேன்.

மாமா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதே முகம். ஆஸ்பத்திரி முகம்.

"கரண்டு ரெண்டு மட்டம் போச்சு மருமவனே. அதுனாலயா இருக்குமோ?"

"அதுனாலதான் மாமா" என்றேன்.

அத்தை தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தபடியே, "செத்துட்டாய்யா?" என்று கேட்டார். வெளுத்தது சாவு இல்லை என்று விளக்கினேன். பவளத்தின் உடம்புக்குள் குடியிருந்து அதற்குச் சோறு போடுகிற பாசி, சூடு தாங்காமல் வெளியேறிவிட்டது, இப்போது அது பட்டினி கிடக்கிறது, சூட்டை இறக்கி ஊட்டிவிட்டால் பிழைத்தாலும் பிழைக்கும். பட்டினி என்றதும் அத்தை எழுந்துவிட்டார்.

மோட்டாரைப் பார்க்க இடம் வேண்டும் என்று சொல்லி ஜன்னலோர மூட்டைகளை நானே இழுத்துப் போட்டேன். செத்த கிளைகளைக் கையால் பிடுங்கி எடுத்தேன். திரும்பிப் போகும்போது பஸ்ஸில் பக்கத்து ஆள் என் கை நாற்றத்தில் மூக்கைச் சுளித்து, கருவாடு கொண்டு போறீங்களா தம்பி என்று கேட்டார். ஆமாம் என்றேன். அன்றைக்கு மூன்றாவது பொய்.

அடுத்த வாரம் போனால் அறையில் ஒரு மூட்டைகூட இல்லை. விலைக்குக் காத்திருக்காமல், வியாபாரி சொன்ன ரேட்டுக்கே அத்தனையையும் தள்ளிவிட்டு, மாமா பெரிய இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்கி வைத்திருந்தார். பேட்டரிக்குச் சந்தனம், குங்குமம். ஜன்னல் திறந்து கிடந்தது. தண்ணீர் இறங்கியிருந்தது. அத்தை நான் காட்டிக் கொடுத்தபடி இறால் துணுக்கை இடுக்கியில் பிடித்து ஊட்டினார். வெள்ளைப் பவளம் மெல்ல வாய் திறந்து வாங்கியது. மழை தொடங்கும்போது அடியில் பச்சை கட்டியது. கார்த்திகைக்குள் முக்கால்வாசி நிறம் வந்துவிட்டது.

வந்தவர் போனவரிடமெல்லாம் மாமா பேட்டரியைக் காட்டினார். "பேட்டரி வச்ச பொறவுதான் பிழைச்சிது. சொல்லுங்க மருமவனே" என்பார். ஆமாம் என்பேன். கல்யாண வீட்டில் ஒருமுறை, சலூனில் ஒருமுறை. மனிதர்களை நிமிர்ந்து பார்த்துப் பேச ஆரம்பித்திருந்தார். அதை நான் எப்படிக் கெடுப்பேன்?

அந்தப் பொய்தான் நேற்று வத்தல் நெடியில் வந்து நின்றது. மூட்டைகளை வேறு இடத்தில் வைக்கலாமே மாமா என்றேன். "ஏன், பேட்டரி இருக்குல்லா. பயப்படாதிய" என்று எனக்குத் தைரியம் சொன்னார். இன்னும் கொஞ்ச நாளில் சித்திரை. சொன்னால் அவர் போய்விடுவார். சொல்லாவிட்டால் பவளம் போய்விடும்.

இன்று காலை துளைபோடும் மெஷினோடு போனேன். தெருப்பக்கச் சுவரில் ஓட்டை போட்டு, சில்லரின் பின்புறத்திலிருந்து தகரக் குழாய் வைத்துச் சூட்டை நேரே வெளியே விடுவது திட்டம். எதுக்குய்யா செவத்த இடிக்க என்று அத்தை கேட்டார். காத்துக்கு என்றேன். மாமா ஏணியைப் பிடித்தார், செங்கல் தூள் அவர் தலையெல்லாம் கொட்டியது. வேலை முடிந்து சில்லரை ஓடவிட்டேன். அவர் தெருவுக்குப் போய் ஓட்டைக்கு நேரே உள்ளங்கையை வைத்தார்.

"இவ்வளவு சூடும் ரூமுக்குள்ளயா கெடந்துச்சு?"

"ஆமா மாமா."

கையை எடுக்கவில்லை. "போன வருசமும்?" என்றார்.

நான் குழாய்க்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தேன். "போன வருசம் கரண்டுல்லா மாமா போச்சு."

தலையாட்டினார். உள்ளே வந்தார். மூட்டைகளை ஒருமுறை பார்த்தார், தொட்டியை ஒருமுறை பார்த்தார். அத்தையிடம் எனக்குச் சாப்பாடு வைக்கச் சொல்லிவிட்டு ஆட்டை அவிழ்க்கப் போனார். மத்தியான வெயிலில்.

அவருக்குத் தெரிந்துவிட்டதா? மத்தியானத்திலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவரிடம் கேட்க வழியில்லை. கேட்டால் சொன்னதாகிவிடும்.