பெலும் என்று சொல்லாத மகளுக்கு

சலாத்திகா,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கினாசிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் அருளால் இங்கே எல்லோரும் சுகம், உன் அப்பாவின் வலது முழங்கால் நீங்கலாக. அது சுகமாக இருந்தால் தோட்ட வேலை செய்யச் சொல்வேன் என்று அதற்கு நன்றாகத் தெரியும். நீயும் மாப்பிள்ளை தனாங்கும் அந்தக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறார், உன் சங்கதி என் காதுக்கு வருவதற்குள் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுகிறது. அதனால் ஹாலந்துக்குப் படிக்க வரும் டீச்சரம்மா மகளின் கையில் பார்சலோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் பெருநாளன்று நீ செய்த காரியம். வீடு நிறையச் சொந்தக்காரர்கள், வீடியோ காலில் உன் முகம், போன் கை மாறி மாறிச் சுமார்த்தி பெரியம்மாவிடம் வந்தது. அக்கா வழக்கம்போலத்தான் கேட்டாள், ‘என்ன கண்ணு, குழந்தை ஆயிடுச்சா?’ என்று. இதற்கு என்ன பதில் என்று நம் ஊரில் பேசத் தொடங்கிய பிள்ளைக்கும் தெரியும். பெலும். இன்னும் இல்லை. அவ்வளவுதான், கேட்டவளுக்கும் திருப்தி, சொன்னவளுக்கும் நிம்மதி. தார்மோ தாத்தாவுக்கு எண்பத்தொரு வயது, வாயில் ஒரு பல்கூட இல்லை, கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டால் இன்றைக்கும் வெட்கப்பட்டுக்கொண்டே பெலும் என்கிறார். யாராவது அவரைக் கோபித்துக்கொண்டோமா? நீயோ ‘இல்ல பெரியம்மா’ என்றாய். வெறும் இல்லை. இன்னும் என்பதையே காணோம். அக்கா கையிலிருந்த கிண்ணம் சாய்ந்து, தேங்காய்ப்பால் கோழிக்குழம்பு முழுவதும் அப்பாவின் புது பாத்திக் சட்டையில். ஹாலந்து போய் மொழியை மறந்துவிட்டாள் என்று சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன். நீ அதையும் விடவில்லை, ‘மறக்கல அம்மா’ என்றாய்.

அன்றிலிருந்து அக்கா தினமும் ஒரு பை முளைகட்டிய பயறு கொடுத்தனுப்புகிறாள். தனாங்குக்கு அனுப்பு, நாற்பது நாள் பச்சையாகத் தின்னட்டும், பிள்ளை பிறக்கும் என்கிறாள். ஹாலந்து போய்ச் சேர்வதற்குள் அது செடியாகிக் காய்த்துவிடும் என்றால் காதில் வாங்குவதில்லை. வீணாகக் கூடாது என்று உன் அப்பா அவ்வளவையும் தின்கிறார். எனக்கு ஐம்பத்தெட்டு வயது, போதும் நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரமே நீ எழுதி அனுப்பிய கேள்விக்கு வருகிறேன். ‘அம்மா, நான் பொறக்கறதுக்கு முன்னாடி நீ சந்தோஷமா இருந்தியா, பொறந்த பிறகா? நிஜத்தைச் சொல்லு. எங்களுக்கு வேண்டாம்னுதான் தோணுது, உன் பதிலைப் பாத்துட்டுதான் முடிவு பண்ணுவோம்’ என்று எழுதியிருந்தாய். இப்படி ஒன்றைக் கேட்டுவிட்டு நீ நிம்மதியாகத் தூங்கியிருப்பாய், நான் மூன்று நாள் குழம்புக்கு உப்புப் போட மறந்தேன். நல்லதாக எழுதினால் பிள்ளை பெறு என்று உன்னைத் தள்ளிவிட்டவள் ஆவேன், கெட்டதாக எழுதினால் நீ ஏன் பிறந்தாய் என்று கேட்டவள் ஆவேன். அப்பாவிடம் போய், நாம் பிள்ளை பெறுவது என்று எப்போது முடிவு செய்தோம் என்று கேட்டேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, ‘அந்த மாசம் பூரா கரண்டு இல்ல’ என்றார். எங்கள் காலத்து முடிவு இவ்வளவுதான்.

சரி, நிஜம் கேட்டாய், நிஜத்தையே எழுதுகிறேன். நீ பிறப்பதற்கு முன் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். சனிக்கிழமைதோறும் குரோன்சோங் பாட்டுக்குழுவில் பாடினேன், அப்பாவின் மோட்டார் சைக்கிளில் கோப்பெங் மலைக்குப் போய்ச் சுட்ட சோளம் தின்றோம். நீ பிறந்த முதல் வருடம் நான் சந்தோஷமாக இல்லை. இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அழுகிற உன்னை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு, பொரித்த சோயா தெம்பே இரண்டு துண்டை நின்றுகொண்டே தின்பேன். அந்த ஐந்து நிமிஷம்தான் அன்றைக்கு எனக்கென்று இருந்தது. பாட்டுக்குழுவுக்கு அப்புறம் போகவே இல்லை, அது இன்றும் வலிக்கிறது. நாலு வயதில் நீ அப்பாவின் ஆபீஸ் டையைச் சேவலுக்குக் கட்டி, ‘இவரும் ஆபீசுக்குக் கிளம்பிட்டாரு, சோறு போடும்மா’ என்று கூட்டிக்கொண்டு வந்தாயே, அன்றைக்கு முற்றத்தில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்படி ஒரு சிரிப்பு அதற்கு முன் எனக்கு வந்ததில்லை. பாடும்போது இருந்த சுகமும் அதற்குப் பின் வந்ததில்லை. உன்னைப் பெற்றதற்கு ஒரு நாளும் வருந்தியதில்லை கண்ணு. ஆனால் நீ பிறக்காவிட்டால் அழுதுகொண்டே இருந்திருப்பேன் என்று எழுதினால் அது பொய். நன்றாகப் பாடியிருப்பேன், சோளம் தின்றிருப்பேன், உன்னைத் தெரியாமலே சந்தோஷமாக இருந்திருப்பேன்.

இதை எழுத எனக்குத் தைரியம் வந்தது போன வியாழக்கிழமை. தெருப் பெண்கள் எல்லோரும் கூடி ஓதி முடித்துப் பலகாரம் தின்றுகொண்டிருந்தபோது, அத்தனை பேர் முன்னாலும் அக்கா கேட்டாள், ‘வார்சினி, உன் பொண்ணு வீட்ல விசேஷம் ஏதும் உண்டா?’ உனக்குக் கல்யாணமாகி ஆறு வருடமாக என் நாக்கு நுனியிலேயே இருக்கிற சொல் பெலும். வாயைத் திறந்தால், ‘இல்லக்கா, அது அவங்க பாடு’ என்று வந்துவிட்டது. டீச்சரம்மா வாயில் போட்டதை மெல்லவில்லை. அப்புறம் சமையல்கட்டில் தட்டுக் கழுவும்போது அக்கா பக்கத்தில் வந்து நின்றாள். ஆறு பெற்றவள், திட்டப் போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். குழாயை நன்றாகத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் மெதுவாகக் கேட்டாள், ‘அப்படிச் சொல்லலாமாடி? அடுத்தது எப்ப, அடுத்தது எப்பன்னு கேட்டப்பல்லாம் பெலும் பெலும்னு சொல்லியே ஆறு ஆயிடுச்சு. இல்லைன்னு ஒரு பதில் இருக்குன்னு எனக்கு யாருமே சொல்லலையே.’ சோப்புக் கையோடு அவளைக் கட்டிக்கொண்டேன். உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டு, ‘ஆறும் என் உசிரு, வெளியில சொல்லிடாத’ என்றாள். நீ வெளியாள் இல்லை என்பதால் எழுதுகிறேன். மறுநாள் காலை வழக்கம்போல் பயறு வந்தது.

ஆகவே என் பதிலை வைத்து முடிவு செய்யாதே. பேரப்பிள்ளையைக் கொஞ்ச எனக்கு ஆசை உண்டு, இல்லாததுபோல் நடிக்க மாட்டேன், ஆனால் அது என் ஆசை, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். வேண்டும் என்று இருவருக்கும் தோன்றினால் பெறுங்கள், வேண்டாம் என்றால் அக்கா எத்தனை கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் இல்லை என்றே சொல்லுங்கள். உன் கேள்வியைக் கேட்டதிலிருந்து அப்பா என் பழைய பாட்டு நோட்டைத் தேடி எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறார். சனிக்கிழமை பாடப் போனாயா என்று கேட்காதே. பெலும்.

பார்சலில் இறால் விழுதை மூன்று உறை போட்டுக் கட்டியிருக்கிறேன், ரயிலில் பிரிக்காதே, நாற்றம் தாங்காமல் இறக்கிவிட்டுவிடுவார்கள். கம்பளிக் காலுறை மாப்பிள்ளைக்கு. இருவரும் சண்டை போட்டாலும் ஒரே போர்வையில் இருந்து, நோய்நொடியில்லாமல் நீண்ட நாள் வாழ இறைவனை வேண்டுகிறேன். குழந்தை எப்போது என்று இனி நான் கேட்க மாட்டேன். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்பேன், அதற்கு ஒருநாளும் பெலும் என்று சொல்லிவிடாதே.

உன் அம்மா,
வார்சினி