தரையில் ஊன்றிய கால்

மதினி,

இன்று காலை டவுன் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது என் பக்கத்தில் வந்து நின்றவளின் சேலையில் ஏலக்காய் வாசம். போடிக்குக் காய் பொறுக்கித் தரம் பிரிக்கப் போகிற நம் எல்லோர் மேலும் அடிக்கிற வாசம்தான். ஆனாலும் நீங்கள்தான் என்று ஒரு நொடி திரும்பிவிட்டேன். அப்போது ஏறிய ஆத்திரம் இன்னும் இறங்கவில்லை.

சிலமலை ஸ்டாப்பில் நாம் நிற்பது தெரிந்தும் பஸ் பாலத்தைத் தாண்டிப் போய்த்தான் நிற்கும். பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனதிலிருந்து இதே கதை. தூக்குவாளியோடு நாம் ஓட வேண்டும். முதலில் ஓடிப்போகிறவர் நீங்கள். ஒரு காலைப் படியில் வைத்து, மறு காலைத் தரையில் ஊன்றி, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பீர்கள். கடைசி ஆள் ஏறும்வரை அந்தக் கால் எழும்பாது.

"ஓசியில போறதுக்கு இம்புட்டு அலப்பறையா? வெரசா ஏறும்மா!" என்பார் கண்டக்டர்.

"இருய்யா, பிள்ளத்தாச்சி வர்றா. என் கால் கீழ இருக்கு, இழுத்துட்டுப் போயிருவியோ?"

பிள்ளைத்தாச்சி நான்தான். பஸ்ஸே சிரிக்கும்.

இழுத்துக்கொண்டுதான் போனார்கள். அன்று நான் உள்ளே ஏறியதுமே விசில் ஊதிவிட்டார். உங்கள் கால் இன்னும் தரையில் இருந்தது. நாங்கள் போட்ட கூச்சலில் பஸ் நின்றபோது எல்லாம் முடிந்திருந்தது.

'ஓடும் பஸ்சில் ஏற முயன்ற பெண் பலி' என்று மறுநாள் பேப்பரில் போட்டிருந்தார்கள். ஓடும் பஸ்ஸாம்! நின்ற பஸ்ஸை யார் எடுத்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. விசாரிக்க வந்தவர்களும், "நீங்க ஏம்மா இப்படி ஓடி ஏறுறீங்க?" என்று எங்களைத்தான் கேட்டார்கள். பாவிகளா, ஸ்டாப்பில் நிறுத்தினால் நாங்கள் ஏன் ஓடப்போகிறோம்? அந்தக் கண்டக்டரை வேறு ரூட்டுக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். என் மகள் பிறந்து, நடக்கவும் ஆரம்பித்துவிட்டாள். பஸ் இன்னும் பாலத்தைத் தாண்டித்தான் நிற்கிறது.

இன்றும் ஓடினோம். அந்த ஏலக்காய் வாசக்காரி, இடுப்பில் பிள்ளையோடு எல்லோருக்கும் பின்னால் வந்துகொண்டிருந்தாள். நான் ஒரு காலைப் படியில் வைத்து, மறு காலைத் தரையில் ஊன்றி நின்றேன்.

"ஏறும்மா! இதே எடத்துல ஒருத்தி செத்தது பத்தாதா?" என்றார் புதுக் கண்டக்டர். விசில் வாய்க்குப் போய்விட்டது.

"பத்தாதுன்னா ஊதுங்கண்ணே" என்றேன்.

அவர் என் காலைப் பார்த்தார். விசிலைக் கீழே இறக்கினார். அவள் மூச்சிரைக்க வந்து, பிள்ளையை அணைத்தபடி ஏறினாள். அதற்குப் பிறகுதான் காலை எடுத்தேன், மதினி.