'ம்' போடுகிற அதிகாரி

கிட்வே,
அக்டோபர் 19

என் கசுபாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ யோசிப்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் "நல்லா இருக்கேன்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. பாதியில் மடித்துப் போட்டுவிடாதே.

மழை இன்னும் வரவில்லை. நம் மாமரத்தில் கீழ்க்கிளை காலியாகிவிட்டது. பறித்தது யாரென்று நான் பார்க்கவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரியின் வாசலில் கிடக்கும் கொட்டைகளைப் பார்த்தேன்.

லேப் தலைமைப் பதவி எனக்கு வரவில்லை என்பதை உன்னிடம் சொல்லவே இல்லை. இருபத்தொரு வருடம் இந்த ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்திருக்கிறேன். மோங்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த லுபாசி இமெண்டாவுக்குப் பதவியைக் கொடுத்துவிட்டார்கள். முப்பத்தாறு வயது. தேர்வில் அவனைவிட எனக்கு மதிப்பெண் அதிகம் என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். பிறகு ஏன் என்று கேட்டேன். மென்திறனில் குறைவாம். "உங்க கையை நாங்க சந்தேகப்படலம்மா, ஆனா உங்க கூட இருக்கறவங்க உங்களைப் பார்த்துப் பயப்படறாங்க" என்றார் நிர்வாகி. மென்திறனாம்! ரத்த வகை பார்ப்பதற்கு மென்மை எதற்கு? அது என்ன பஞ்சா, தலையணையா? லுபாசி நிர்வாகிக்குச் சொந்தமாக இருப்பான் என்று அன்றே முடிவு கட்டினேன்.

அதிலிருந்து அவன்மேல் ஒரு கண் வைத்தேன். வந்ததும் ஒவ்வொருவர் மேசைக்கும் போய்க் கைகொடுத்து, வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்பான். வாரம் ஒருமுறை ஒவ்வொருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வான். பத்து நிமிடம். வெளியே வருகிறவர்கள் முகம் தெளிந்திருக்கும். என்னைப் பற்றிக் கோள் மூட்டுகிறார்கள், வேறென்ன? உள்ளே என்ன நடக்கிறது என்று கூட்டுகிற மைலேசியைக் கேட்டேன். ஜன்னல் துடைக்கிற சாக்கில் ஒட்டுக்கேட்டுவிட்டு வந்து சொன்னாள்: "அவரு ஒண்ணுமே பேசலை. அவங்கதான் பேசிக்கிட்டே இருந்தாங்க. இவரு 'ம்', 'ம்'னாரு. அவ்வளவுதான்." 'ம்' போடுவதற்கு ஒரு பதவி, அதற்கு ஒரு சம்பளம் என்று நினைத்தேன். என்னைக் கூப்பிட்டபோது மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று கேட்டான். என் மூட்டுவலி இவனுக்கு எப்படித் தெரியும்? வாயே திறக்காமல் பத்து நிமிடத்தை ஓட்டிவிட்டு எழுந்து வந்தேன்.

போன வாரம் வியாழக்கிழமை நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பிரசவ வார்டில் ஒரே பெயரில் இரண்டு பெண்கள். இருவருக்கும் ரத்தம் ஏற்ற வேண்டும். சாம்பிளை வாங்கிப் பெயர் ஒட்டியவள் ஃபெலிஸ்டஸ். பன்னிரண்டு வருடமாக என் பக்கத்து மேசைக்காரி, உனக்குத்தான் தெரியுமே. பைகள் வார்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் ஆனதும் எழுந்தாள். முகம் சாம்பலாக இருந்தது. என் பக்கமாக இரண்டு அடி வந்தாள். நின்றாள். பிறகு திரும்பி லுபாசியின் அறைக்கு ஓடினாள்.

இன்று கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று பின்னாலேயே போனேன் மகளே. உண்மையைத்தான் எழுதுகிறேன்.

வாசலில் நின்றபோது அவள் சொன்னது கேட்டது: "லேபிளை மாத்தி ஒட்டிட்டேன்னு நினைக்கிறேன்." அவன் எழுந்துகூட நிற்கவில்லை, குரலும் உயரவில்லை. "உடனே சொன்னீங்களே, நல்லது. பை இப்ப எங்க?" என்று மட்டும் கேட்டான். வார்டுக்குப் போன் போட்டான், எடுப்பார் இல்லை. அவன் என் தோளை உரசிக்கொண்டு ஓடினான். ஓடும்போதே, "பனா கசுபா, உங்க கைதான் வேணும், புது சாம்பிள் அனுப்பறேன், ரெண்டையும் மறுபடி பாருங்க!" என்றான். எல்லோரையும் போல அவனுக்கும் நான் 'கசுபாவின் அம்மா'தான். ஒட்டுக்கேட்டதற்கு ஒரு வார்த்தை இல்லை.

புது சாம்பிள்கள் வந்ததும் பார்த்தேன். இருவரில் ஒருத்தி ஓ வகை. அவளுக்குப் போனது ஏ வகைப் பை. லுபாசி வார்டுக்குள் நுழைந்தபோது பை கம்பியில் தொங்கிக்கொண்டிருந்ததாம். குழாயில் ரத்தம் இறங்கிவிட்டது, நர்ஸ் ஊசியோடு இணைக்கப் போகிற நேரம். அந்தப் பெண் பிழைத்தாள். முந்தாநாள் பிள்ளையைத் துணியில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அன்று மாலை ஃபெலிஸ்டஸை நடையில் நிறுத்தினேன். நான் இரண்டடி தூரத்தில் இருந்தேனே, என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் கோபமாகப் பேசவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "பனா கசுபா, உங்ககிட்ட வந்திருந்தா, நான் எப்பேர்ப்பட்ட முட்டாள்னு முதல்ல சொல்லியிருப்பீங்க. அப்புறம்தான் பை எங்கன்னு கேட்டிருப்பீங்க. அதுக்கு நேரமில்லை" என்றாள்.

இரண்டு நாள் நிஷிமாக் களியைக் கிண்டிவிட்டு, சாப்பிடாமல் மூடிவைத்தேன்.

பிறகு நானே லுபாசியின் அறைக்குப் போய், இந்தப் பொறுமை பிறவிக் குணமா, நடிப்பா என்று கேட்டேன். சிரித்தான். "கத்துக்கிட்டதுதான் அம்மா. மோங்குல நான் போட்ட சத்தத்துக்குப் பயந்து ஒருத்தர் ஒரு தப்பை மறைச்சாரு. அதுல ஒரு உயிர் போச்சு" என்றான். நிஜமோ, எனக்காகக் கட்டிய கதையோ, தெரியாது. நிர்வாகிக்குச் சொந்தம் இல்லை என்று மட்டும் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இன்னும் அவனை முழுதாக நம்பவில்லை. ஆனால் ஆஸ்பத்திரி நடத்தும் மென்திறன் பயிற்சி வகுப்புக்குப் பெயர் கொடுத்தேன்.

நேற்று முதல் வகுப்பு. எதிரே இருப்பவர் மூன்று நிமிடம் பேச வேண்டும், நாம் குறுக்கே பேசக் கூடாது. எனக்கு வாய்த்தவர் மருந்துக் கிடங்குக் குமாஸ்தா. நாற்பதாவது வினாடியில் அவருக்குப் புத்தி சொல்ல ஆரம்பித்துவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். மறுபடி செய்யச் சொன்னார்கள். உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு நிமிடம் தாண்டியதும் அந்த மனிதர், தன் மகள் தன்னோடு பேசுவதில்லை என்றார். அதற்குமேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

கசுபா, நர்சிங் தேர்வில் நீ தவறிய அன்று, நீ காலணியைக் கழற்றுவதற்குள் நான் என்னென்ன சொன்னேன் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதன்பிறகுதான் லிவிங்ஸ்டனில் ஓட்டல் வேலை என்று போனாய். ஆகஸ்டில் ஒருநாள் போன் செய்து, நம் குடும்பத்தில் யாருக்காவது நெகட்டிவ் ரத்தம் உண்டா என்று கேட்டாய். படித்ததெல்லாம் மறந்துவிட்டதா என்று திட்டிவிட்டு, பதிலைச் சொன்னேன். எதற்காகக் கேட்கிறாய் என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வி பிரசவ வார்டிலிருந்துதான் அடிக்கடி வரும்; இருபத்தொரு வருடம் ரத்தம் பார்த்தவளுக்கு அது உறைக்கவில்லை!

இப்போதும் கேட்கமாட்டேன். உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது கூப்பிடு. நீயே பேசு. எவ்வளவு நேரமானாலும் நான் 'ம்' மட்டும் போடுகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. ஓட்டலில் வெகுநேரம் நிற்காதே. கால் வீங்கினால் தலையணை வைத்து உயர்த்திப் படு. கீரையைத் தள்ளாதே. கடவுள் உன்னை முழுச் சுகத்தோடு வைத்திருக்கட்டும்.

உன் அம்மா,
முசோண்டா