பாய்லருக்குக் கீழே வாளி

நவம்பர் 4, செவ்வாய்

இன்று நான்கு வாளி. அழுத்தம் மிஞ்சினால் திறந்துகொள்ள பாய்லரில் ஒரு வால்வு இருக்கிறதே, அது ஓயாமல் சொட்டுகிறது. வாளியைக் கொட்டி, இவரைத் திருப்பிப் படுக்க வைத்து, ஊட்டி, துடைத்து, மறுபடி வாளி. இடுப்பு என் பேச்சைக் கேட்பதில்லை.

இவர் நன்றாக இருந்தவரை இந்த வீட்டுக்குள் பிளம்பர் கால் வைத்ததில்லை. டார்ச் பிடிப்பது மட்டும் என் வேலை. அதற்கும் திட்டு: "எங்கே பிடிக்கறே, என் மூஞ்சியிலயா?" பக்கவாதம் வந்து ஏழு மாதம். வலது கையும் பேச்சும் போய்விட்டன.

நவம்பர் 5, புதன்

மகன் ஃபோன் செய்தான். கை ஈரம், ஸ்பீக்கரில் போட்டேன். "முதியோர் ஹோம்ல ஒரு இடம் காலியாயிருக்கும்மா. ஞாயித்துக்கிழமை ஃபாரம் கொண்டு வரேன், கையெழுத்து போடு. அப்பாவுக்குத்தான் ஒண்ணுமே புரியறதில்லையே." டாக்டரும் அப்படித்தான் சொல்கிறார்.

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. இதை எழுதும்போதுதான் அழுகை வருகிறது.

நவம்பர் 6, வியாழன்

பிளம்பர் அடுத்த வாரம்தான் வருவாராம். ஐந்து வாளி.

நவம்பர் 7, வெள்ளி

புது வால்வு வாங்கினேன். கடைக்காரர் ஏதோ எண் கேட்டார். "சிவப்பு மூடி போட்டது" என்றேன். இரண்டு எடுத்து வைத்தார். பார்க்க இரண்டும் ஒன்றுதான். கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டேன். நாளை நானே மாட்டுவேன். முப்பது வருடம் டார்ச் பிடித்தவளுக்கு இதுகூடவா தெரியாது?

நவம்பர் 8, சனி

வேலை எவ்வளவு நேரமாகுமோ, தனியாக விட பயந்து இவரைச் சக்கர நாற்காலியில் பாய்லர் முன் கொண்டுவந்து வைத்தேன். இடது கையில் டார்ச்சைத் திணித்தேன். ஆடாமல் பிடித்தார்.

மின்சாரத்தை அணைத்து, தண்ணீரை மூடி, அழுத்தம் காட்டும் முள் பூஜ்யத்துக்கு வரும்வரை வடித்தேன். பழைய வால்வு லேசில் கழலவில்லை, ஸ்பேனரில் தொங்கினேன். கழற்றி இவர் மடியில் போட்டேன். புதியதை எடுத்ததும் டார்ச் தொப்பென்று விழுந்தது. இவர் மூன்று விரல் காட்டினார்.

"மரையில டேப் மூணு சுத்து போதுமா?" அதில்லை போலும். மூன்று விரல். "மணி இன்னும் மூணாகலே, இப்பத்தானே சாப்பிட்டீங்க?" மறுபடி மூன்று விரல்.

"மூணு மூணுன்னா நான் என்னத்தைக் கண்டேன்? சும்மா இருங்க, உசிரை வாங்காதீங்க!"

கத்திவிட்டேன். மாட்டி, இறுக்கி, தண்ணீரைத் திறந்துவிட்டேன். சுவிட்சில் கை வைக்கும்போது சத்தம் — பழைய வால்வால் நாற்காலிப் பிடியை ஓங்கி ஓங்கித் தட்டுகிறார். கண்ணில் தண்ணீர்.

வாங்கிப் பார்த்தேன். மூடியில் 3. குனிந்து புதியதைப் பார்த்தேன். 6. அழுத்தம் மூன்றில் திறக்க வேண்டியது ஆறு வரை மூடியே இருந்திருக்கும். அதற்குள் பாய்லர் — ஐயோ.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். "எல்லாம் புரியுதாங்க உங்களுக்கு?" தலையாட்டினார். எல்லாமேவா? ஸ்பீக்கரில் போட்டது? மறுபடி தலையாட்டினார்.

சாயங்காலம் மாற்றி வாங்கி வந்து மாட்டினேன். மூடியை முதலில் இவரிடம் காட்டினேன்.

நவம்பர் 9, ஞாயிறு

"சொட்டு நின்னுடுச்சே, பிளம்பர் வந்தாரா?" என்றான் மகன். "உங்கப்பாதான் பார்த்தாரு" என்றேன். எனக்கும் சேர்த்து ஒரு ஃபாரம் வாங்கியிருக்கலாமே என்பதுபோல் பார்த்தான்.

நடந்ததைச் சொன்னேன். பிறகு நாற்காலி முன் குந்தி, "அப்பா, அங்கே போறீங்களா?" என்று கேட்டான். இவர் என்னைக் காட்டினார். என் இடுப்பைக் காட்டினார். போகிறேன் என்று தலையாட்டினார்.

"என் இடுப்பைப் பத்தி நீங்க முடிவு பண்ண வேணாம்!" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏழு மாதத்தில் எங்களுக்குள் முதல் சண்டை. மகன் ஃபாரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். சனிக்கிழமைகளில் வந்து பார்த்துக்கொள்கிறானாம். பார்க்கலாம்.

நவம்பர் 12, புதன்

வாளி காய்ந்து கிடக்கிறது. இடுப்பு வலி அப்படியே இருக்கிறது. இவருக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

ஏழு மாதமாகக் கேட்காமலே போர்த்திவிடுவேன். இன்று போர்வை வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார். மடித்து வைத்துவிட்டேன்.