வலித்திருக்குமா?

06.03.2003
இன்று முதல் தடவையாக ஆய்வுகூடத்தில் மின்சுற்று இணைத்தோம். ரபீகாவும் நானும் ஒரே மேசை. விடுதியிலும் ஒரே அறை. மின்னோட்டம் காட்டும் கல்வனோமானியின் முள் அசையவே இல்லை. கம்பிகளை எல்லாம் கழற்றி மாட்டிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, ஆளியை, சுவிட்சைத்தான், மூடவே இல்லை. ரபீகா சிரித்த சிரிப்பில் மற்ற மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மின்புலம் இன்னும் பிடிபடவில்லை. வெற்றிடத்திலும் இருக்கிறதாம். இருக்கட்டும்.

15.03.2003
அண்ணன் வந்திருந்தான். குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் தேத்தண்ணி குடித்தோம். தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து தூங்காமலே மடுல்கெல்லயிலிருந்து பஸ் ஏறியிருக்கிறான். அம்மா கொடுத்த அதிரசத்தில் பாதியை வழியிலேயே தின்றுவிட்டான்.

"என்ன புள்ள படிக்கிற அங்க?"

"கரண்டும் காந்தமும்."

உடனே கடைக்காரரிடம் திரும்பி, "ஐயா, என் தங்கச்சி கம்பஸ்ல கரண்டு படிக்குது" என்றான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கடைக்காரர் எனக்கு மட்டும் இன்னொரு வடை வைத்தார்.

அடுத்த மாதம் தோட்டத்தில் அம்மன் திருவிழா. "இந்த வருசம் கோயில் சுத்தி டியூப் லைட்டு. நாந்தான் பொறுப்பு. கட்டாயம் வரணும்" என்றான். இடைத்தவணைப் பரீட்சை இருக்கிறது, பார்க்கலாம் என்றேன்.

28.03.2003
மின்புலத்துக்கான கவுசின் விதி விளங்கிவிட்டது! குளித்துக்கொண்டிருக்கும்போது சட்டென்று. ரபீகாவுக்கு இரண்டு தடவை விளங்கப்படுத்தினேன். "போதும் தனம், இனி கனவுலயும் வரும்" என்றாள்.

06.04.2003
அண்ணன் இல்லை.

12.04.2003
எழுதினால் கொஞ்சம் இறங்கும் என்று நினைக்கிறேன்.

போன சனிக்கிழமை பின்னேரம் மழை பெய்து விட்டிருக்கிறது. கோயில் முன்னால் இரும்புக் கம்பம் நட்டு டியூப் லைட் கட்டியிருந்தார்கள். ஒன்று எரியவில்லை. சரிபார்க்க அண்ணன் போய்க் கம்பத்தைப் பிடித்திருக்கிறான். எங்கேயோ வயர் உரிந்திருக்கிறது. வெறுங்கால், ஈர மண்.

"கம்பத்தக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னான். விளையாடுறான்னுதான் நெனச்சோம்" என்று சொல்லி கணபதி மாமா தலையில் அடித்துக்கொண்டார். மேளம் அடித்துக்கொண்டிருந்ததாம். யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

நான் அப்போது விடுதியில் பரீட்சைக்குக் கணக்குச் செய்துகொண்டிருந்தேன். போயிருந்தால் மட்டும் என்ன செய்திருப்பேன்? மின்புலம் பற்றிப் பேசியிருப்பேனா?

21.04.2003
காரியம் முடிந்தது. சொந்தக்காரர்கள் போன பிறகு அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீ கரண்டு பத்தித்தானே படிக்கிற?"

"ஆமாம்மா."

"அப்ப சொல்லு. அவனுக்கு வலிச்சிருக்குமா?"

ஆய்வுகூடக் கைநூலின் முதல் பாடமே அதுதான். கொஞ்ச மின்னோட்டம் போதும், தசைகள் இறுகிவிடும், பிடித்த கை தானாக விடாது, நினைவு இருக்கும். படித்தபோது அடிக்கோடு போட்டிருந்தேன், பரீட்சைக்கு வரும் என்று.

"இல்லம்மா. சட்டுன்னு முடிஞ்சிரும். ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது."

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பாத்திரம் கழுவ எழுந்து போனாள்.

08.05.2003
இன்று ஆய்வுகூடம். தடை அளக்க வேண்டும். சேமிப்புக்கலத்தின் முனையில் கம்பியை மாட்டப் போனேன். முடியவில்லை. கை அப்படியே நின்றுவிட்டது. போடி பைத்தியக்காரி, தொடு, தொடேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். வேர்த்துக் கொட்டியதுதான் மிச்சம்.

செய்முறை நடத்தும் தியாகராஜா சேர் வந்து, "ரெண்டு வோல்ட்தான், ஒண்டும் செய்யாது" என்றார். ரபீகா அவரைத் தள்ளிக் கூட்டிப்போய் ஏதோ சொன்னாள். திரும்பி வந்தவர் கதிரையை இழுத்துப் போட்டு, "நீர் இருந்து வாசிப்புகளை எழுதும். அவ இணைக்கட்டும்" என்று மட்டும் சொன்னார்.

"நான் ஈக்கிறேன் தானே" என்று ரபீகா கம்பியை வாங்கிக்கொண்டாள்.

கழிப்பறைக்குப் போய் அழுதேன்.

26.06.2003
மின்னியல் பரீட்சை. எல்லாக் கேள்விக்கும் விடை எழுதினேன். தாளில் இருக்கும் மின்சாரத்துக்கு நான் பயப்படுவதில்லை.

ஆனால் ஒரு கணக்கில் ஒருவன் ஏணியில் நின்று கம்பியைத் தொடுகிறான். அவனுக்குப் பெயர் இல்லை. அவனூடாகப் பாயும் ஓட்டம் என்ன? கணித்தேன். அலகும் எழுதினேன். என்ன பிறவி நான்?

17.08.2003
விடுமுறை. அம்மாவோடு ஓடையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அண்ணனின் சட்டை ஒன்று மூட்டைக்குள் வந்துவிட்டது. அம்மா அதைத் துவைக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு நீ சொன்னது பொய்யின்னு எனக்குத் தெரியும்."

நான் கையிலிருந்த துணியைக் கல்லில் வைத்தேன்.

"அவன குளிப்பாட்டுனது நானு. உள்ளங்கை ரெண்டும் வெந்து போயிருந்துச்சு. பல்லக் கடிச்சு நாக்கு கிழிஞ்சிருந்துச்சு. வலிக்காமலா?"

"அப்புறம் ஏம்மா என்கிட்ட கேட்ட?"

"படிச்சவ வாயால இல்லைன்னு ஒருக்கா கேக்கணும் போல இருந்துச்சு. தூக்கம் வராதப்ப நீ சொன்னதத்தான் நெனச்சுக்குவேன்."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் நன்றாக அழுதோம். ஏப்ரலில் அம்மா அழுது நான் பார்க்கவில்லை.

04.10.2003
மின்னியல் பரீட்சையில் சித்தி, பாஸாகிவிட்டேன். இரண்டாம் வருடத்துக்குப் பௌதிகவியலை விட்டுவிட்டுக் கணிதமும் புள்ளிவிபரவியலும் எடுக்கலாம். ரபீகா ஒன்றும் வற்புறுத்தவில்லை. பல நாள் யோசித்தேன். பௌதிகவியலையே எடுத்திருக்கிறேன், ஏன் என்று கேட்டால் எனக்கே சரியாகச் சொல்லத் தெரியாது.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன்.

"அதுல கரண்டும் வருமா?"

"வரும்மா."

அம்மா எனக்குச் சோறு கட்டித் தந்தாள். பஸ்ஸுக்குக் கிளம்பியபோது வாசல் வரை வந்தாள். என் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் முந்தானையால் அழுத்தித் துடைத்துவிட்டாள்.

"கைய நல்லா காய வச்சுக்கிட்டுத் தொடு" என்றாள்.