பிளாஸ்மா திரையில் பாவாவின் மீசை

பாவா,

இன்று காலை உங்கள் பழைய பிளாஸ்மா டிவியை வெளியே எடுத்தேன். வீட்டில் அதற்கு இடமில்லை, கரண்ட்டையும் தின்கிறது, கொடுத்துவிடு என்று அக்கா சொல்லியிருந்தாள். பழைய சாமான் வாங்குகிறவர் வண்டியோடு வந்து, "ஓடுதுங்களா?" என்று கேட்டார். பிளக்கைச் செருகினேன். பின்பக்க விசிறி உறுமியது. சூடேறிய தூசியின் வாசனை வந்ததும் உங்கள் கடைக்குள் போய் நின்ற மாதிரி ஆகிவிட்டது.

மலைக்குக் கீழே சரவணப் பொய்கைக்குப் போகும் சாலையில் நீங்கள் கேம் சென்டர் திறந்தபோது, என் அப்பா ஊரெல்லாம் சொல்லிப் புலம்பினார். அக்காவைக் கட்டிய மருமகன் கே.ஜி.கண்டிகையில் நிலத்தைப் பார்க்காமல், சென்னையில் ஏதோ ஓட்டல் கழித்துவிட்ட டிவியை வாங்கி வந்து கம்ப்யூட்டரில் மாட்டுகிறாரே என்று அவருக்கு ஆற்றாமை. "பெரிய படத்துல காரு ஓட்டறதுக்கு எவன் வருவான்?" என்றார். வந்தார்கள். மற்ற கடைகளில் குண்டு மானிட்டர் முன்னால் கூன் போட்டுக் கிடந்த காலேஜ் பையன்கள், உங்கள் கடையில் ராஜா மாதிரி சாய்ந்து உட்கார்ந்து ஓட்டினார்கள். எழுத்துதான் கிட்டே இருந்து பார்த்தால் பிசிறடிக்கும். "படிக்கவா வராங்க, ஓட்டத்தான வராங்க" என்பீர்கள்.

அந்தத் திரையை நீங்கள் தாங்கிய தாங்கலில் அக்காவுக்கே பொறாமை. பிளாஸ்மாவில் ஒரே படம் அசையாமல் நின்றால் அதன் நிழல் திரையில் தங்கிவிடும். அதனால் டாஸ்க்பாரை மறைத்தே வைத்தீர்கள். ஸ்கோர் ஒரே மூலையில் நிற்கிறதென்று ஆட்டத்தை மாற்றி மாற்றிப் போட்டீர்கள். எவனாவது ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனால், டீக்கடைக்கே போய் அவனை இழுத்து வருவீர்கள். இவ்வளவு உஷாரான மனிதர் ஆடிக் கிருத்திகையில் கோட்டை விட்டீர்களே, அதுதான் வேடிக்கை.

காவடி எடுத்து வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று திரையைச் சாலைப் பக்கம் திருப்பி, வேலோடு நிற்கும் முருகன் படத்தைப் போட்டீர்கள். கொஞ்ச நேரத்துக்குத்தான் என்றீர்கள். ஆனால் வந்த ஜனமெல்லாம் அரோகரா சொல்லி, நின்று கும்பிட்டுவிட்டுத்தான் நகர்ந்தது. ஸ்க்ரீன் சேவராவது ஓடட்டும் பாவா என்றேன். "கும்புட்டுகினு இருக்கும்போது சாமிய எப்படிடா அணைக்கறது?" என்று கேட்டீர்கள். பொய்கையில் மூன்று நாள் தெப்பமும் முடிகிற வரை படம் அப்படியே நின்றது.

திருவிழா முடிந்து கார் பந்தயத்தைப் போட்டால், பனிமலைக்கு நடுவே வேல் தெரிந்தது. கிரீடமும் தெரிந்தது. ஊருக்குள் சேதி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? பூ விற்கும் அம்மா திரைக்கு மாலை போட்டுவிட்டார். கற்பூரம் ஏற்றினார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். விளையாட மட்டும் ஒருவரும் வரவில்லை. "வாயத் தொறக்காதபா, ஒரு உண்டிய வெச்சிடு, கேமு கடைய விட நல்லா ஓடும்" என்று டீக்கடைக்காரர் காதைக் கடித்தார். அதுவரை கடைப்படி ஏறாத என் அப்பாவும் வந்து, "சாமியே வந்துட்டாரு மாப்ள, உட்டுடாதீங்க" என்றார். பேசாமல் இருந்திருந்தால் மாமனார் மெச்சியிருப்பார். கடைதான் கோயிலாகியிருக்கும். உண்மையைச் சொன்னாலோ, ஆசை ஆசையாய் வாங்கிய திரையை நீங்களே பாழாக்கினீர்கள் என்று ஊர் சிரிக்கும்.

வாயால் சொல்லிப் பார்த்தீர்கள், யாரும் நம்பவில்லை. உடனே மாலையை மரியாதையாக எடுத்து வைத்துவிட்டு, கல்யாண ஆல்பத்தில் இருந்த உங்கள் முகத்தைத் திரையின் இடது பக்கத்தில் போட்டீர்கள். சாமி எவ்வளவு காலம் நின்றாரோ அவ்வளவு காலம் நீங்களும் நின்றீர்கள். பிறகு எல்லோரையும் கூப்பிட்டு வெறும் வெள்ளையைப் போட்டுக் காட்டினீர்கள். வேலுக்குப் பக்கத்தில் உங்கள் மீசை.

"சாமி மலை மேல இருக்காருங்க. இது நான் அணைக்காம உட்ட கறை. பாருங்க, என் மூஞ்சியும் உழுந்திருக்கு."

பூக்கார அம்மா கிட்டே போய்ப் பார்த்தார். "ஆங், மீசை நல்லாத்தான் உழுந்திருக்குது. அப்போ உங்களுக்கும் ஒரு முழம் போடட்டுங்களா?"

"எனக்கு இன்னாம்மா அவசரம்" என்றீர்கள். கடையே சிரித்தது, என் அப்பா உட்பட.

பையன்கள் திரும்பி வந்தார்கள். பனிமலை வரும்போதெல்லாம் "ஓனர் பாக்குறாருடா" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார்கள். கடைக்குப் பழைய மானிட்டர் வாங்க நாம் போனால், விற்கிறவர்கள் ஓடுகிற படத்தைப் போட்டுத்தான் மயக்குவார்கள். "வெள்ளையப் போடுங்க, உண்மை தெரியட்டும்" என்பீர்கள். இன்று நானும் பழைய கம்ப்யூட்டர் விற்கிறேன். வாங்க வருகிறவருக்கு முதலில் வெள்ளையைத்தான் போடுகிறேன். கறை இருந்தால் விரலை வைத்துக் காட்டிவிட்டுத்தான் விலை பேசுகிறேன். இதில் எனக்குக் கர்வமே உண்டு.

காலையிலும் அந்தப் பழக்கத்தில் வெள்ளையைப் போட்டேன். வேல் மங்கியிருந்தது. உங்கள் மீசை அப்படியே இருந்தது. அக்கா வீட்டில் தை மாதத்திலிருந்து உங்கள் படத்தில் மாலை தொங்குகிறது, அதை நிமிர்ந்து பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. இதில் மாலை இல்லை.

வண்டிக்காரர் எட்டிப் பார்த்தார். "கறை இருக்குதே, இன்னாங்க அது?"

"எங்க பாவா" என்றேன்.

அவரை வெறும் கையோடு அனுப்பிவிட்டு வந்து திரைக்கு எதிரே உட்கார்ந்தேன். அணைக்கக் கை வரவில்லை, பாவா.