என் குரலில் பேசியது நான் அல்ல

செவிலிமேடு,
காஞ்சிபுரம்.

அன்புக் கலைவாணிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்குப் பெரிதாகக் குறையொன்றுமில்லை, நீயும் மாப்பிள்ளையும் அந்த ஊர்க் குளிரில் சளி பிடிக்காமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாயிருக்க காமாட்சியம்மன் துணையிருக்க வேண்டும். அப்பாவுக்குத் தறிக்குழியில் இறங்கி ஏறும்போது மட்டும் இடுப்பு பிடித்துக்கொள்கிறது, டாக்டரிடம் போகலாம் என்றால் தைலம் போதும் என்கிறார். சங்கரி சித்தி வீட்டு மாடி வேலை இன்னும் முடியவில்லை, மணல் லாரி வந்து தெருவை அடைத்துக்கொண்டு நிற்கிறது, வண்டியை எடுக்க முடியாமல் டவுன் பஸ்ஸில்தான் போய் வருகிறோம். போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில், ஏம்மா அவ்ளோ ஆசையா சேந்த வேலைய விட்டுட்ட என்று கேட்டாயே, நான் நெட்வொர்க் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். நெட்வொர்க் நன்றாகத்தான் இருந்தது. என் குரலை நானே கேட்கப் பிடிக்காமல் இருந்தேன், அதனால்தான் பேசாமல் உட்கார்ந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

சேர்ந்த புதிதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்கே தெரியும். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றபின் கையைக் காலைக் கட்டிப்போட்ட மாதிரி இருந்தவளை, சென்னைக் கம்பெனி ஒன்று தேடி வந்து, வீட்டிலிருந்தபடியே செல்போன் வழியாக ஒன்பதாம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்துங்கள் என்றால் கசக்குமா? கேமரா, விளக்கு, மைக் எல்லாம் அனுப்பிவைத்தார்கள். நான் பாடம் பதிவு செய்யும் நேரத்தில் சத்தம் விழக்கூடாது என்று அப்பா தறியை நிறுத்திவிட்டு வாசலில் போய் நிற்பார். பட்டுப்புடவை கட்டிக்கொண்டுதான் வர வேண்டும், காஞ்சிபுரத்து டீச்சர் என்றால் ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை என்றார்கள், அதிலென்ன போகிறது என்று கட்டிக்கொண்டேன். நொடிக்கொரு தரம் சூப்பர், சூப்பர் என்று சொல்லச் சொன்னார்கள், அதையும் சொல்லித் தொலைத்தேன். பிள்ளைகள் பணம் கட்டிச் சேருமுன் பார்ப்பதற்கென்று நடத்தும் இலவச வகுப்பில்தான் முதலில் எனக்கு உறுத்தியது. ஒரு பிள்ளை சந்தேகம் கேட்டால் அதை முழுசாகத் தீர்த்துவைக்கக் கூடாதாம். எங்களுக்கு மேனேஜராக பிரேம்நாத் என்று ஒரு இளைஞர், உன் வயதுதான் இருக்கும், மரியாதையாகத்தான் பேசுவார். பாதியில வுட்டாத்தான் மேடம் மீதிய கேக்க வந்து சேருவாங்க, நீங்களே முழுசா சொல்லிட்டா எதுக்கு சேரப்போறாங்க என்றார். வகுப்பில் ஒரு பிள்ளை புரியாமல் எழுந்து போனால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது, அது உனக்குத் தெரியும். இங்கே புரியாமல் அனுப்புவதுதான் வேலையே என்கிறார்கள். அருவருப்பு அங்கேயே தொடங்கிவிட்டது, ஆனாலும் பிள்ளைகளின் முகத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அப்புறம் பரீட்சை என்று ஒன்று வைத்தார்கள். பிள்ளை போனிலேயே பத்துக் கணக்குப் போட வேண்டும், உடனே கம்பெனியே ஒரு அறிக்கை தயார் செய்துவிடும். தப்பாகப் போட்ட பிள்ளைக்கு அடித்தளம் பலவீனம் என்று வரும். எல்லாம் சரியாகப் போட்ட பிள்ளைக்கும் ஏதாவது வரும், வேகம் போதாது, கவனம் சிதறுகிறது என்று. நன்றாயிருக்கிறான் என்று எந்தப் பிள்ளைக்காவது வருகிறதா என்று நானும் பார்த்தேன், வரவேயில்லை. அதைத் தாய் தகப்பனுக்குப் போன் போட்டுக் கவலையான குரலில் படித்துக்காட்டச் சொன்னார்கள். என்னால் ஆகாது, பாடம் நடத்தத்தான் வந்தேன், பெற்றவள் வயிற்றில் புளியைக் கரைக்க வரவில்லை என்று சொல்லிவிட்டேன். பிரேம்நாத் கோபப்படவில்லை. சரிங்க மேடம், நீங்க கிளாஸ் மட்டும் எடுங்க, அத நாங்க பாத்துக்கறோம் என்று சிரித்தார். என் பேச்சுக்கு மதிப்புக் கொடுத்தாரே என்று அந்த மனுஷர்மேல் எனக்கு நல்ல எண்ணம்கூட வந்தது, என்ன சொல்ல.

அப்பாவின் இடுப்புக்காக மாகறல் சிவன் கோயிலுக்கு ஒரு திங்கட்கிழமை போயிருந்தோம். சந்நிதியிலிருந்து வெளியே வரும்போது ஒரு அம்மாள் என்னை முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த ஊரில் நிலம் வைத்திருப்பவர்கள், பொன்னியம்மாள் என்று பெயர். கம்பெனிப் பாடத்தில் முகம் பார்த்தவர்கள் வணக்கம் சொல்வது வழக்கம்தானே, நானும் சிரித்தேன். அவள் என் எதிரில் வந்து, நீங்கதானே போன்ல பேசுன டீச்சரு, எம் பொண்ணு எதுக்கும் லாயக்கில்லன்னு சொல்லிட்டீங்களே, அவ இஸ்கூலுக்கே போவமாட்டேன்னு அழுதுகினு கெடக்குறா, நீங்க நல்லா பட்டுப்பொடவ கட்டிகினு சாமி கும்புட வந்துட்டீங்களா என்றாள். கோயிலில் அத்தனை பேர் எதிரில். நான் உங்களிடம் பேசியதே இல்லையம்மா என்றேன். அவள் போனை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

கலை, அதில் நான் பேசினேன். வணக்கம் பொன்னியம்மாள் அம்மா, ஜெயப்ரியாவைப் பற்றிச் சொல்ல எனக்கே மனசு கேட்கவில்லை என்று தொடங்கி, உங்கள் பெண்ணுக்குக் கணக்கு வராது, இப்போதே எங்களிடம் சேர்க்காவிட்டால் பத்தாவது தாண்டமாட்டாள் என்று, நிறுத்தி நிறுத்தி, என் மூச்சு, என் இழுப்பு, நடுவில் நான் பிள்ளைகளைக் கூப்பிடுவேனே கண்ணு என்று, அதுகூட இருந்தது. அப்பா போனைப் பார்க்கவில்லை, திரும்பி என் வாயைப் பார்த்தார். நான் பதிவு செய்து கொடுத்த பாடங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டு என் குரல் மாதிரியே ஒன்றைச் செய்து, நான் பேச மறுத்ததை அதைக்கொண்டு பேச வைத்திருக்கிறார்கள். கூடவே உன் பட்டமளிப்புப் போட்டோவும் இருந்தது, நான் வாட்ஸப்பில் வைத்திருந்ததை எடுத்திருக்கிறார்கள், எங்கள் பயிற்சியில் வெளிநாடு சென்றவர் என்று கீழே எழுதி. நீ பள்ளிக்கூடத்தை முடித்த காலத்தில் அந்தக் கம்பெனி பிறக்கக்கூட இல்லை. உடுத்திக் கழற்றிப்போட்ட என் உள்பாவாடையை எவனோ எடுத்துக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போனது போல இருந்தது எனக்கு. குளத்தங்கரையில் உட்கார்ந்து வாந்தியெடுத்தேன்.

அங்கிருந்தபடியே பிரேம்நாத்தைக் கூப்பிட்டேன். டென்ஷன் ஆவாதீங்க மேடம், நீங்க கையெழுத்து போட்ட பேப்பர்லயே உங்க வாய்ஸ யூஸ் பண்ணிக்கலாம்னு இருக்குது, மத்தவங்க குரலவிட உங்க குரல்ல போனாத்தான் பேரன்ட்ஸ் சேக்குறாங்க, இது உங்களுக்குப் பெருமைதானே என்றார். அதைக் கேட்டு நான் கத்தினேன். அப்புறம் அவர் குரலைத் தாழ்த்தி, நானும் பி.எட். படிச்சவன்தான் மேடம், வாத்தியார் வேலைக்குத்தான் வந்தேன், தெனம் காலைல எத்தன பேர சேக்கணும்னு டார்கெட் மீட்டிங், தப்புன்னு எனக்கே தெரியுது என்றார். ஒரு கணம் பாவமாகத்தான் இருந்தது. அப்படியானால் அதை நிறுத்துப்பா என்றேன். அது நம்ம கைல இல்ல மேடம் என்று பழையபடி மேனேஜர் குரலுக்குப் போய்விட்டார். என் குரலைத் திருடியதைவிட, தெரிந்தே செய்கிறேன் என்று சொல்லிவிட்டு மறுபடி செய்யப் போகிறாரே, அதுதான் எனக்கு இன்னும் குமட்டுகிறது. அன்றைக்கே வேலையை விட்டேன்.

மறுநாள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு பொன்னியம்மாள் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று, அம்மா நான் வந்திருக்கிறேன் என்றேன், அவ்வளவுதான், உள்ளே இருந்த அந்தப் பெண் ஜெயப்ரியா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடிவிட்டது. இத்தனை வருஷம் வகுப்பெடுத்ததில் என் குரலுக்குப் பயந்து எந்தப் பிள்ளையும் ஓடியதில்லை. பொன்னியம்மாளுக்கே சங்கடமாகிவிட்டது. நான் அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. கொல்லையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டிப் பக்கம் அது முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்து, ஒரு கரித்துண்டை எடுத்து சிமென்ட் தரையில் ஒரு சமன்பாட்டை எழுதி நானே போட ஆரம்பித்தேன். அது ஓரக்கண்ணால் பார்ப்பது தெரிந்தது. எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை, வரி மாறி எழுதும்போது தப்பு விட்டிருக்கிறேன், கவனிக்கவேயில்லை. பின்னாலிருந்து மெதுவாக, மைனஸ வுட்டுட்டீங்க டீச்சர் என்று ஒரு குரல். நிஜமாகவே விட்டிருந்தேன். அதுவே வந்து கரியை வாங்கித் திருத்திக் கடைசிவரை போட்டு முடித்தது. கணக்கு வராத பெண்ணாம்! அதற்கப்புறம்தான் நான் பேசினேன், போனில் பேசியது நான் இல்லை கண்ணு என்றேன். சட்டென்று நம்பவில்லை, என் முகத்தையே வெகுநேரம் பார்த்தது. போன்ல வர்றதுல தப்பே வராது, நீங்க தப்பா போடுறீங்க, நீங்கதான் டீச்சர் என்றது. நானும் அதுவும் சேர்ந்து சிரித்தோம், பொன்னியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த ஊர்ப் பள்ளியின் தலைமையாசிரியை அகிலா விஷயத்தைக் கேள்விப்பட்டு, பெற்றோர் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார். எழுந்து நின்று, அந்தக் குரலை நம்பாதீர்கள் என்று என் குரலிலேயே சொன்னேன். ஏழெட்டுத் தாய்மார்கள் தங்களுக்கும் அதே மாதிரி வந்ததென்று போனை நீட்டினார்கள், பிள்ளைதான் வேறு, பேச்சு ஒன்றே. எல்லாவற்றையும் சேர்த்து போலீஸில் புகார் கொடுத்திருக்கிறோம், பார்க்கிறோம் என்றிருக்கிறார்கள். கம்பெனியிலிருந்து, பெயரைக் கெடுத்ததற்கு வழக்குப் போடுவோம் என்று மெயில் வந்தது, போடட்டும். இந்தப் பக்கம் என் குரலில் போன் வருவது நின்றுவிட்டது, ஆனால் அப்பாவின் சிநேகிதர் கலியாணசுந்தரம் திருநெல்வேலியில் மகள் வீட்டுக்குப் போனபோது அங்கே வேறு பெயரில் நான் பேசிக்கொண்டிருந்தேனாம். இதை எழுதும்போதுகூட வாய் கசக்கிறது. ஜெயப்ரியா மட்டும் மறுபடி பள்ளிக்கூடம் போகிறாள், அந்த ஒன்றை நினைத்துத்தான் தூங்குகிறேன்.

மாப்பிள்ளையிடம் சொல்லி, அந்தக் கம்பெனி போட்டிருக்கும் உன் போட்டோவை நீக்கச் சொல்ல ஏதாவது வழியிருக்கிறதா பார். உன் படத்தை யார் கண்ணிலும் படும்படி வைக்காதே. தலைக்கு எண்ணெய் வை, அந்த ஊர்த் தண்ணீரில் முடி கொட்டுகிறது என்றாயே. இன்னொன்றை மறக்காதே. நான் உன்னை எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன், வாய்ப்பாடு ஒப்பிக்காததற்குச் சோறு போடாமல்கூட உட்கார வைத்திருக்கிறேன், ஆனால் உன்னால் ஆகாது என்று ஒருநாளும் சொன்னதில்லை. அப்படிச் சொல்லி என் குரலில் உனக்கு எப்போதாவது போன் வந்தால், யோசிக்காமல் வைத்துவிடு, அது உன் அம்மா இல்லை.

எல்லாச் செல்வமும் பெற்று நீங்கள் இருவரும் நீடூழி வாழ அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
உன் அம்மா
ப. அம்சவேணி